ஆறேகால் மணி வெந்நீர்

இந்தப் பஸ்ல ஐம்பது பேர் இருக்காங்க. அத்தனை பேரையும் விட்டுட்டு எங்கிட்ட வந்து கேட்டீங்க பாருங்க, குன்னூர்ல குளிக்க வெந்நீருக்கு என்ன பண்றதுன்னு. வேற யாருகிட்ட கேட்டிருந்தாலும் "கெய்சர் மாட்டிக்கோங்க தம்பி"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பாங்க. நான் இதே கேள்வியை வெச்சுக்கிட்டு போன ஆடியில உக்காந்தவன். இப்ப தை. இன்னும் எந்திரிக்கல.

வண்டி இப்போதைக்கு நகராது. மேல ஏதோ லாரி வளைவுல குறுக்க மாட்டிக்கிச்சாம். பர்லியார்ல நின்னா இப்படித்தான். அந்தப் பையை இப்படி என் கால்கிட்ட வெச்சுருங்க, உங்களுக்குக் கால் நீட்ட இடம் கிடைக்கும். பேங்க்குக்கு மாத்தலாகி வர்றீங்க, சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம்னீங்க இல்லையா? உங்க ஊர்ல குழாயத் திறந்தாலே வெந்நீர்தான். இங்க மார்கழியில குழாயத் திறந்தா விரல் இருக்கா போச்சான்னு எண்ணிப் பாக்கணும்.

என் பேரு கனகசபை. தேயிலை ஃபாக்டரியில ஃபிட்டரா முப்பத்தி ஒரு வருஷம். ரிடையர் ஆகி ஏழு வருஷம் ஆச்சு. வீட்டுல ஒரு பாய்லர் இருக்கு. செம்பு பாய்லர். பாத்திருக்கீங்களா? உங்க இடுப்பு உயரம் வரும். நடுவுல ஒரு குழாய் மேலயும் கீழயும் திறந்திருக்கும். அதுக்குள்ள கரியும் சுள்ளியும் போட்டுப் பத்த வெச்சா, சுத்தி இருக்கற தண்ணி சூடாகும். மேல ஒரு வாய், தண்ணி ஊத்த. கீழ ஒரு டேப், தண்ணி பிடிக்க. அவ்வளவுதான் மெஷினு. சீகை மரத்து விறகு போட்டா அரை மணி நேரத்துல கொதிக்கும். கற்பூர மரத்துச் சுள்ளி, அதான் யூகலிப்டஸ், அதுன்னா இன்னும் சீக்கிரம், ஆனா புகை. கண்ணு போயிரும்.

என் சம்சாரம் தெய்வானை போய்ச் சேந்து ஒன்பது வருஷம் ஆச்சுங்க. கீழ் வீட்டுல நான் ஒருத்தன். மாடியில குடித்தனம், வசுமதி டீச்சர். கணக்கு டீச்சர். பதினோரு வருஷமா அங்கதான் இருக்காங்க. வீட்டுக்காரர் கல்யாணமாகி ஆறாவது வருஷமே தவறிட்டார், குழந்தை இல்ல. அமைதியான மனுஷி. ரேடியோ வெச்சாக்கூட எனக்குக் கேக்காது. நான் ஏன் இவங்களைப் பத்திச் சொல்றேன்னா, பாய்லர் விஷயத்துல அவங்களுக்கும் சம்பந்தம் இருக்கு. அதுக்காக மட்டும்தான் சொல்றேன்.

தெய்வானை போன புதுசுல ஒரு நாள் டீச்சர் கீழ வந்தாங்க. மாடியில ஸ்டவ்வுல தண்ணி வெச்சுக் குளிக்கறது கஷ்டமா இருக்கு, நீங்க எப்படியும் பாய்லர் பத்த வைக்கறீங்களே, ஒரு வாளி எடுத்துக்கலாமான்னு கேட்டாங்க. எடுத்துக்கோங்க டீச்சர், ஒருத்தனுக்கு எவ்வளவு தண்ணி வேணும்னேன். அன்னையில இருந்து தினமும் காலையில ஆறேகாலுக்கு வெளிப் படிக்கட்டு வழியா இறங்கி வருவாங்க. பின்பக்கம் பாத்ரூம் வாசல்ல நின்னு, "வெந்நீர் ஆச்சா சார்?" நான், "ஆச்சு டீச்சர்." வாளியை டேப்புக்குக் கீழ வைப்பாங்க. நிறையற வரைக்கும் ரெண்டு பேரும் நிப்போம். "நேத்து ராத்திரி மழை ஜாஸ்தி." "ஆமா டீச்சர்." "பால்காரர் இன்னைக்கு லேட்டு." "அவன் என்னைக்கு டைமுக்கு வந்தான்?" இந்த மாதிரிதான். வேற ஒண்ணும் கிடையாது. அந்த டேப்பு ரொம்பச் சின்ன வாய். ஒரு வாளி நிறைய எட்டு நிமிஷம் ஆகும். நானே ஃபிட்டர், பெரிய டேப்பா மாத்திரணும்னு எப்பவும் நினைப்பேன். நேரமே கிடைக்கல.

போன வருஷம் ஜூன்ல டீச்சரும் ரிடையர் ஆயிட்டாங்க. ஸ்கூல் அவசரம் இல்ல, எட்டு மணிக்குக்கூட எந்திரிக்கலாம். ஆனா அதே ஆறேகால். பழக்கம் எங்க போகும்னு விட்டுட்டேன்.

ஆடியில மழை பிடிச்சுக்கிச்சு. ஒரு நாள் பாய்லரைப் பத்த வெச்சா, உள்ளே நெருப்பு 'உஸ்ஸு'ங்குது. தண்ணி சொட்டி நெருப்பை அணைக்குது. நடுக்குழாய் ஜாயிண்ட்டுல ஓட்டை. எனக்கு ஒரே சந்தோஷம். ரிடையர் ஆனதுல இருந்து எங்கிட்ட யாரும் ரிப்பேருக்குன்னு ஒண்ணும் கொண்டு வரல. நானே கழட்டினேன், நானே ஈயம் பத்த வெச்சேன். மூணு நாள் நல்லா ஓடுச்சு. நாலாவது நாள் வேற இடத்துல சொட்டுச்சு. அதையும் அடைச்சேன். அப்பறம் எம்-சீல். எம்-சீல் சூட்டுல உருகி ஒரு நாத்தம் வந்துச்சு பாருங்க, எதிர் வீட்டு லில்லியம்மா வந்து "ஏதாவது எலி செத்துருச்சா?"ன்னு கேட்டாங்க. முப்பத்தி ஒரு வருஷம் டிரையரையும் ரோலரையும் பிரிச்சு மாட்டின கை. ஒரு பாய்லர் ஓட்டையை அடைக்க முடியல. டீச்சர் பாத்துட்டு, "சார், இவ்வளவு கஷ்டம் வேண்டாமே"ன்னாங்க. நான், "சாயங்காலத்துக்குள்ள சரியாயிரும் டீச்சர்"னேன். அந்தச் சாயங்காலம் ஒரு மாசம் கழிச்சு வந்துச்சு.

ஆவணியில என் பொண்ணு சுகந்தி திருப்பூர்ல இருந்து வந்தா. வந்த அன்னைக்கே நான் பாய்லரை ஊதிக்கிட்டு இருமறதைப் பாத்துட்டா. கையைப் பிடிச்சு இழுக்காத குறையா டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போனா. எக்ஸ்ரே எடுத்தாங்க. டாக்டரம்மா அதை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுட்டு, "என்ன வேலை பாத்தீங்க?"ன்னாங்க. தேயிலை ஃபாக்டரின்னேன். "அந்தத் தூசே உள்ள போதும்போதும்ங்கற அளவுக்கு இருக்கு. இதுல தினமும் விறகுப் புகை வேறயா?"ன்னு கேட்டாங்க.

வெளிய வந்ததும் சுகந்தி சொல்லிட்டா. "அப்பா, ரெண்டுல ஒண்ணு. பாய்லரைத் தூக்கிப் போட்டுட்டு கெய்சர் மாட்டுங்க. இல்லைன்னா வீட்டைப் பூட்டிட்டு எங்ககூட திருப்பூர் வந்துருங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "அம்மா ஞாபகமா வெச்சிருக்கேன்மா"ன்னேன்.

அவ நடுரோட்டுல நின்னுட்டா. "யாரு, அம்மாவா? அம்மா அதை மூணு தடவை பழைய பாத்திரக்காரனுக்குப் போடப் பாத்தாங்க. நீங்கதான் மூணு தடவையும் வாசல்ல மறிச்சு நின்னீங்க."

உண்மைதான். மறந்தே போச்சு. தெய்வானைக்கு அந்தப் பாய்லரைக் கண்டாலே ஆகாது.

சரி, மாத்தறேன்னு ஒத்துக்கிட்டேன். எனக்கும் உசுரு மேல ஆசை இருக்கே. ஆனா ஒரு ஃபிட்டர் ஒரு சாமானை வாங்கறான்னா சும்மா வாங்கிர முடியுமா? புரட்டாசி முழுக்கக் கடை கடையா ஏறினேன். உள் டேங்க்கு என்ன உலோகம்? வெல்டிங்கா, ஒரே வார்ப்பா? குன்னூர்ல வோல்ட்டேஜ் குறைஞ்சா காயில் தாங்குமா? வால்வு எத்தனை அழுத்தத்துல திறக்கும்? ஒரு கடையில ஒரு பையன் நல்லாத்தான் பதில் சொல்லிட்டிருந்தான். ரெண்டாவது தடவை போனேன், கொஞ்சம் யோசிச்சுப் பதில் சொன்னான். மூணாவது தடவை நான் வாசல் ஏறினதும் பின்னாடி குடோனுக்குள்ள போயிட்டான். முதலாளி வந்து, "ஐயா, நீங்க கெய்சர் வாங்க வந்தீங்களா, செய்ய வந்தீங்களா?"ன்னு கேட்டாரு. கோவிச்சுக்கிட்டு வந்துட்டேன். எந்த கெய்சரும் சரியில்லைன்னு முடிவு பண்ணேன். அதுக்குள்ள பாய்லரும் நல்லபடியா ஓட ஆரம்பிச்சிருந்துச்சு, சொட்டு நின்னுருச்சு. எப்படி நின்னுச்சுன்னு எனக்கே தெரியாது. உப்பு கட்டி அதுவே அடைச்சுக்கிச்சு போல. ஆனா டீச்சர்கிட்ட நான்தான் சரி பண்ணேன்னு சொன்னேன்.

சுகந்தி விடுவாளா? அவளே அங்கிருந்து போன் போட்டு ஜெர்வாஸ்னு ஒருத்தரை அனுப்பிட்டா. ஊர்ல பாதி கெய்சர் அவரு மாட்டினதுதான். ஐப்பசி கடைசி. வந்தாரு, பாத்ரூம் சுவத்தைத் தட்டிப் பாத்தாரு, டேப் வெச்சு அளந்தாரு. அப்பறம் சாதாரணமாச் சொல்றாரு, "மேல டீச்சர் வீட்டுல மாட்டினேனே, அதே சைஸ் இங்க போதும் சார். தனி ஆளுக்கு அது தாராளம்."

நான், "மேல டீச்சர் வீட்டுல என்ன மாட்டினீங்க?"ன்னேன்.

"கெய்சர்தான். ரெண்டு வருஷம் இருக்கும். நீங்க பொண்ணு பிரசவத்துக்குத் திருப்பூர் போயிருந்தீங்களே, அப்ப. உங்ககிட்ட டீச்சர் போன்ல கேட்டு, சுவத்துல ஓட்டை போட நீங்க சரின்னு சொன்னதாச் சொன்னாங்களே."

சரின்னு சொன்னேன்தான் தம்பி. இப்ப ஞாபகம் வருது. "ஒரு ஷெல்ஃபு மாதிரி ஒண்ணு மாட்டணும் சார், ஜெர்வாஸை வரச் சொல்லட்டுமா?"ன்னு கேட்டாங்க. ஷெல்ஃபுக்கு எதுக்கு ஜெர்வாஸு? நான் கேக்கல.

ஜெர்வாஸை "அப்பறம் சொல்றேன்"னு அனுப்பிட்டேன். அனுப்பிட்டு உக்காந்தேன். எனக்கு வந்த கோவத்தை நீங்க பாத்திருக்கணும். ரெண்டு வருஷம்! தலைக்கு மேல சுவிட்சைப் போட்டாக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர். அதை வெச்சுக்கிட்டு தினமும் கீழ வந்து எங்கிட்ட ஒரு வாளி வாங்கிட்டுப் போயிருக்காங்க. நான் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, சுள்ளி பொறுக்கி, ஊதி, இருமி, கண்ணுல தண்ணி வடிய நின்னிருக்கேன். எதுக்கு? என்னைப் பாத்தா அவங்களுக்கு எப்படித் தெரியுது? பைத்தியக்காரனாவா?

அவங்களுக்கு ஒரு பாடம் கத்துக் குடுக்கணும்னு முடிவு பண்ணேன்.

மறுநாள் காலையில பாய்லரைப் பத்த வைக்கல. ஆறேகாலுக்கு வந்தாங்க. "வெந்நீர் ஆச்சா சார்?"

"இல்ல டீச்சர். பாய்லர் ரிப்பேர்."

"ஓ. பரவாயில்ல சார்"னாங்க. போவாங்கன்னு பாத்தேன். போகல. காலி வாளியை வெச்சுக்கிட்டு அங்கயே கொஞ்ச நேரம் நின்னாங்க. "பனி இறங்க ஆரம்பிச்சிருச்சு"ன்னாங்க. நான் பாய்லர் டேப்பைத் துடைக்கற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். போயிட்டாங்க.

அடுத்த நாளும் அதே. அதுக்கடுத்த நாளும் அதே. எட்டு நாள் பத்த வைக்கல தம்பி. இப்ப கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அவங்களுக்கு மேல கெய்சர் இருக்கு. நான் பாய்லரை நிறுத்தினா பச்சைத் தண்ணியில குளிக்கறது யாரு? நான். கார்த்திகை மாசம், குன்னூர்ல, எட்டு நாள். முதல் சொம்பு தலையில விழுந்ததும் 'ஆ'ன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அது மாடி வரைக்கும் கேட்டிருக்கும். அவங்களைத் தண்டிக்கறதுக்கு நான் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் குளிக்கறேன். இதைப் பத்தி நான் கொஞ்சம்கூட யோசிக்கல. நாலாவது நாள் யோசனை வந்துச்சு. வந்தப்பறம் நிறுத்தினா தோத்த மாதிரி ஆயிரும்னு இன்னும் நாலு நாள் குளிச்சேன்.

சிரிங்க, சிரிங்க. சுகந்தியும் சிரிச்சா. அப்பறம்தான் திட்டினா.

ஒன்பதாவது நாள் எந்திரிக்க முடியல. காய்ச்சல். நெஞ்சுக்குள்ள யாரோ ரம்பம் போடற மாதிரி. ஆறேகால் ஆச்சு, நான் பின்பக்கம் போகல. கொஞ்ச நேரம் கழிச்சு முன் வாசல்ல "சார், சார்"னு குரல். பதினோரு வருஷத்துல டீச்சர் என் முன் வாசலுக்கு வந்தது அன்னைக்குத்தான். கதவு சும்மாதான் சாத்தியிருந்துச்சு. எட்டிப் பாத்தாங்க, என் முகத்தைப் பாத்தாங்க. திரும்பிப் போயிட்டாங்க. போயிட்டாங்களேன்னு படுத்துக் கிடந்தேன். பத்து நிமிஷத்துல வந்தாங்க, வாளி நிறைய வெந்நீரோட. ஆவி பறக்குது. மேல இருந்து பதினேழு படி, தூக்கிக்கிட்டு இறங்கியிருக்காங்க. புடவை முந்தானையெல்லாம் ஈரம்.

"முகம் கை கால் துடைச்சுக்கோங்க சார். டாக்டருக்கு போன் பண்ணிட்டேன். சுகந்திக்கும் பண்ணிட்டேன்."

கதவை நல்லா விரியத் திறந்து வெச்சுட்டு, வாசல்கிட்ட பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, தெருவுக்குத் தெரியற மாதிரி உக்காந்தாங்க. நான் துண்டை நனைச்சுத் துடைச்சுக்கிட்டிருக்கேன். அப்ப அவங்களே ஆரம்பிச்சாங்க.

"மேல கெய்சர் இருக்கறது உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, இல்லையா சார்?"

"ஜெர்வாஸ் சொன்னாரு."

"அதனாலதான் பாய்லர் ரிப்பேரா?"

நல்லவேளை, இருமல் வந்துச்சு. இருமி முடிச்சுட்டுக் கேட்டேன். "ஏன் டீச்சர் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா அப்பறம் வாளி எடுத்துக்கிட்டு வர முடியாதே."

"வாளி எடுத்துக்கிட்டு வரணும்னு என்ன டீச்சர் கட்டாயம்?"

அவங்க தெருவைப் பாத்துக்கிட்டே பதில் சொன்னாங்க. "சும்மா வந்து உங்க வாசல்ல நிக்க முடியுமா சார்? லில்லியம்மா ஒரு நாள் பாப்பாங்க, ரெண்டு நாள் பாப்பாங்க, மூணாவது நாள் கேப்பாங்க. கையில வாளி இருந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. எனக்கு நாள் முழுக்க வீட்டுல பேச ஆள் இல்ல. காலையில அந்த அஞ்சு பத்து நிமிஷம்தான்."

இவ்வளவு பெரிய வார்த்தையை ஒரு பொம்பளை சொல்றாங்க. நீங்க என் இடத்துல இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? நீங்க சின்ன வயசு, ஏதாவது நல்லதாச் சொல்லியிருப்பீங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அப்ப அந்தத் தண்ணியை என்ன பண்ணீங்க?"ன்னேன்.

என்னைத் திரும்பிப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. "துணி ஊற வெச்சேன் சார்"னாங்க.

சீகை விறகு போட்டுக் கொதிக்க வெச்ச தண்ணி தம்பி! ஃபிட்டர் கனகசபை நெஞ்சைக் குடுத்து ஊதின தண்ணி. துணி ஊற வைக்க! "துணிக்கு அவ்வளவு சூடு ஆகாது, சாயம் போயிரும்"னு வேற சொல்லிருக்கேன். காய்ச்சல்ல சொன்னதுன்னு வெச்சுக்குவோம். அவங்க எந்திரிச்சு, "உடம்பைப் பாத்துக்கோங்க சார்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. மத்தியானம் கஞ்சி கொண்டு வந்து வெச்சாங்க. சாயங்காலம் சுகந்தி வந்துட்டா. அப்பறம் அவங்க கீழ வரல.

ஆஸ்பத்திரியில ஆறு நாள். அங்கிருந்து நேரா திருப்பூர். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்னைக்கே வீட்டுச் சாவியை டீச்சர்கிட்ட குடுத்துட்டு சுகந்தி என்னை காருக்குள்ள ஏத்தினா. டீச்சர் மேல நின்னு பாத்தாங்க. கையைக் காட்டலாம்னு நினைச்சேன், கம்பளி இறுக்கமாச் சுத்தியிருந்துச்சு.

திருப்பூர்ல எனக்கு ஒரு குறையும் இல்ல. மாப்பிள்ளை நல்ல மனுஷன். பேத்திக்கு ரெண்டு வயசு, என் மூக்குக் கண்ணாடிதான் அவளுக்கு விளையாட்டுச் சாமான். பாத்ரூம்ல கெய்சர். சிவப்பு விளக்கு எரிஞ்சா அஞ்சு நிமிஷத்துல வெந்நீர். அந்த ஊர்ல அதுக்கு அவசியமே இல்ல, ஆனா இருக்கு. அஞ்சு மணிக்கு முழிப்பு வந்துரும். என்ன பண்றது? போய் சுவிட்சைப் போட்டு வாளியில பிடிச்சு வைப்பேன். ஒரு வாரம் கழிச்சு மாப்பிள்ளை தயங்கித் தயங்கிக் கேட்டாரு. "மாமா, தினமும் ரெண்டு வாளி பிடிச்சு வெச்சிருக்கீங்க. ஒண்ணு உங்களுக்கு. இன்னொண்ணு யாருக்கு மாமா?"

"உங்களுக்குத்தான் மாப்பிள்ளை"ன்னேன். அன்னையில இருந்து அந்த மனுஷன் பாவம், எனக்காக ஆறேகாலுக்கே எந்திரிச்சுக் குளிக்க ஆரம்பிச்சாரு. அவருக்கு பனியன் கம்பெனியில பத்து மணிக்குத்தான் வேலை.

பொங்கல் முடிஞ்சு நாலாம் நாள் டீச்சர் போன் பண்ணாங்க. முதல்ல உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டாங்க. அப்பறம், "சார், என் தம்பி கரூர்ல இருக்கான் இல்லையா, அங்க வந்துரச் சொல்றான். நீங்களும் இல்ல, கீழ் வீடு பூட்டியே கிடக்கு. இந்த மாசக் கடைசியில காலி பண்ணிக்கலாமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்"ன்னாங்க.

நான், "சரிங்க டீச்சர். உங்க சௌகரியம்"னேன். போனை வெச்சுட்டேன்.

ரெண்டு நாள் சோறு இறங்கல. பழைய காய்ச்சல்தான் திரும்புதுன்னு நினைச்சேன். தெர்மாமீட்டர் வெச்சுப் பாத்தா சரியாத்தான் இருக்கு. மூணாவது நாள் காலையில சுகந்தி காப்பியைக் கொண்டு வந்து வெச்சுட்டு எதிர்ல உக்காந்தா. "டீச்சர் காலி பண்றாங்களாமே"ன்னா.

"ஆமா. தம்பி வீட்டுக்குப் போறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

"அவ்வளவுதானா?"

"வேற என்னம்மா சொல்றது? குடித்தனக்காரங்க போறேன்னா போக விடணும்."

அவ கொஞ்ச நேரம் என்னையே பாத்தா. அப்படியே அவ அம்மா பார்வை. அப்பறம் என் போனை எடுத்து என் கையில வெச்சா. "அப்பா, அன்னைக்கு உங்களுக்குக் காய்ச்சல்னு போன் பண்ணப்ப டீச்சர் அழுதுட்டாங்க. நான் யாருகிட்டயும் சொல்லல, அவர்கிட்டக்கூட. எனக்கு ஒரு வருத்தமும் இல்லப்பா. நான் மாத்தச் சொன்னது பாய்லரைத்தான்"ன்னு சொல்லிட்டுக் குழந்தையைத் தூக்கிட்டு உள்ள போயிட்டா. கடைசியில என்ன சொல்ல வந்தான்னு எனக்குச் சரியாப் புரியல. இந்தக் காலத்துப் பிள்ளைங்க பேச்சு பாதியில நின்னுரும்.

போன் பண்ணேன். முதல் மணியிலேயே எடுத்துட்டாங்க.

"டீச்சர், நான் கனகசபை."

"தெரியும் சார்."

"வீட்டைக் காலி பண்ண வேண்டாம்."

சட்டைப் பையில இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழட்டி மாட்டினேன்.

"அதாவது... பாய்லரை எடுத்துறலாம்னு இருக்கேன். கெய்சர் மாட்டணும். எது வாங்கறதுன்னு தெரியல. நீங்க ரெண்டு வருஷமா உபயோகப்படுத்தறீங்க, உங்களுக்கு அனுபவம் இருக்கு. நீங்க பாத்துச் சொன்னா நல்லா இருக்கும்."

"அதுக்கென்ன சார், என்கிட்ட இருக்கற மாடல் பேரைச் சொல்றேன், எழுதிக்கோங்க."

"இல்ல டீச்சர். நேர்ல போய்ப் பாக்கணும். கடைக்கு. ரெண்டு பேரும் போய்ப் பாத்தாத்தான்... பகல்லயே போலாம். முன் வாசல் வழியாவே போலாம். லில்லியம்மா பாத்தாப் பாக்கட்டும்."

என் வாயில இருந்து அது எப்படி வந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல தம்பி. லைன் கட்டாயிருச்சோன்னு ரெண்டு தடவை "ஹலோ, ஹலோ"ன்னேன்.

"எப்ப வர்றீங்க?"ன்னாங்க.

"வெள்ளிக்கிழமை. காலையில கிளம்பினா மத்தியானத்துக்குள்ள வந்துருவேன்."

"பஸ் ஸ்டாண்டுக்கு வரேன்"னாங்க.

"எதுக்கு டீச்சர் உங்களுக்குச் சிரமம்?"

"சிரமம்னா வர மாட்டேன் சார்"னு சொல்லிட்டு வெச்சுட்டாங்க.

இன்னைக்குத்தான் வெள்ளிக்கிழமை. சுகந்தி காலையில இந்தப் புதுச் சட்டையை எடுத்துக் குடுத்து இதைத்தான் போட்டுட்டுப் போகணும்னு ஒத்தைக் கால்ல நின்னா. கெய்சர் கடைக்குப் போக எதுக்கும்மா புதுச் சட்டைன்னேன். பழைய சட்டையில காலர் நைஞ்சுபோச்சாம். மாப்பிள்ளை வேற பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து, இறங்கறப்ப என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு. பதினாலு வருஷத்துல அவரு என் கையைக் குலுக்கினதே இல்ல. ரெண்டு பேருக்கும் ஏதோ ஆயிருச்சு.

வண்டி கிளம்பிருச்சே! லாரியை எடுத்துட்டாங்க போல. இனி அரை மணி, முக்கால் மணி, வந்துரும். ஸ்வெட்டர் வெச்சிருக்கீங்களா? இப்பவே எடுத்துப் போட்டுக்கோங்க. காட்டேரி பார்க் தாண்டினா குளிர் உள்ள வந்துரும். ஜன்னல் கண்ணாடியை இறக்கி மூடுங்க, அந்தக் கொக்கியை இழுத்தாத்தான் வரும், ஆங், அப்படி.

நீங்க கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லல, இல்லையா? கெய்சரே மாட்டிக்கோங்க தம்பி. தனியாத்தானே இருக்கப் போறீங்க, சின்னதே போதும். எந்தக் கம்பெனின்னு மட்டும் இன்னைக்கு எங்கிட்ட கேக்காதீங்க. நானே இனிதான் பாக்கணும். டீச்சருக்கு ரெண்டு மூணு கடை சுத்தணும்னாக்கூட சுத்தலாம். ஒரே நாள்ல முடிவு பண்ணணும்னு சட்டமா இருக்கு? ஊட்டியில இன்னும் பெரிய கடையெல்லாம் இருக்கு. ரயில்ல போயிட்டு வந்துறலாம். சாமான் வாங்கறதுன்னா நாலு இடத்துல பாத்துத்தான் வாங்கணும்.

ஏன் சிரிக்கிறீங்க?

ஊருக்குள்ள வந்தாச்சு. அதோ கீழ தெரியுது பாருங்க, ரயில்வே ஸ்டேஷன். அதை ஒட்டித்தான் பஸ் ஸ்டாண்டு. உங்க பேங்க்குக்கு அங்க இருந்து ஏறிப் போகணும், யாரைக் கேட்டாலும் காட்டுவாங்க. வீடு கிடைக்கற வரைக்கும் எங்க தங்கப் போறீங்க? லாட்ஜா? ஏதாவது வேணும்னா தேயிலை ஃபிட்டர் கனகசபை வீடுன்னு கேளுங்க, சொல்லுவாங்க. சும்மா வாங்க. காரணம் ஒண்ணும் வேண்டாம்.

அதோ. டீக்கடை பக்கத்துல, ஊதா ஸ்வெட்டர். குடையை மடக்கிக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறாங்களே, அவங்கதான். மழை இல்ல, வெயிலும் இல்ல, எதுக்குக் குடைன்னு தெரியல. பஸ்ஸு வரப்போற பக்கத்தை விட்டுட்டு அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நிக்கறாங்க பாருங்க. கணக்கு டீச்சரு, திசை தெரியல.

நீங்க முதல்ல இறங்குங்க தம்பி. எனக்கு அவசரமில்ல, கால் மரத்துப்போச்சு, கூட்டம் போகட்டும். ஒரு நிமிஷம். அந்தப் பையைத் தூக்கறதுக்கு முன்னாடி ஒரு உதவி.

உங்ககிட்ட சீப்பு இருக்கா?